டீச்சரம்மா ஏறாத மோரிஸ் மைனர்

உலகத்தில் எல்லாரும் கார் வாங்குவது எங்கேயாவது போவதற்கு. வாங்கின காரை நிறுத்துவதற்காகவே மூன்று வருஷம் உயிரைக் கொடுத்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். எங்கள் டீமேக்கர்.

எழுபதுகளில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க். போடிக்காரன், கல்யாணம் ஆகாதவன், சோறு வடிக்கக்கூடத் தெரியாதவன். அவர் அங்கே பாக்டரிக்குத் தலை. பச்சை இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, தூளாக்கி மூட்டை கட்டுகிற வரைக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்தது. மாசாமாசம் ரிஜிஸ்டரில் எழுதின எனக்கே இப்போது அது ஞாபகமில்லை. போதகர்கூட ஜெபத்தில், "எங்கள் டீமேக்கரையும் அவர் குடும்பத்தையும் ஆசீர்வதியும்" என்றுதான் வேண்டுவார். கர்த்தருக்கும் அப்படிச் சொன்னால்தான் ஆள் யாரென்று புரிந்திருக்கும்.

மனுஷனுக்கு எல்லாமே மூக்குதான். இலை புளித்தது போதுமா என்று பார்க்கக் கடிகாரம் பக்கமே திரும்ப மாட்டார். குனிந்து மோந்து பார்த்து, "போதும், அள்ளுங்க" என்பார். காரையும் அப்படித்தான் வாங்கினார். சீமைக்குத் திரும்பின தொரை விற்றுவிட்டுப் போன கறுப்பு மோரிஸ் மைனர் அது. பானெட்டைத் திறந்து ஒரே ஒரு தடவை மோந்தார். "நல்ல வண்டிவே" என்றார். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது.

வண்டியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சமதளத்தில் ஓடுவதற்குப் பிறந்த குட்டி வண்டி, தொரை கையில் பதினைந்து வருஷம் மலை ஏறி ஓய்ந்து போயிருந்தது. அதை மூக்கு சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வேதக்கோயிலுக்குப் புறப்பட்டார். அந்த அம்மா எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். ஊருக்கே டீச்சரம்மா, அவர் மட்டும் ஞானம் என்று கூப்பிடுவார். கோயில் இருந்தது ஒரு மேட்டின் உச்சியில். பரலோகத்துக்கு எவ்வளவு கிட்டக் கட்ட முடியுமோ அவ்வளவு கிட்டக் கட்டிவைத்திருந்தான் அந்தக் காலத்து வெள்ளைக்காரன். ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் வண்டி முக்கி முனகி நின்றது. டீமேக்கர் பிரேக்கை மிதித்தார். வண்டி, "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் இறங்க ஆரம்பித்தது. கோயிலுக்குப் போன ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, தம்பதி சமேதராய்ப் பின்பக்கமாகவே அரை மைல் வந்து, கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குள் நுழைந்து, தராசுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

டீச்சரம்மா பதறவில்லை. வேதப்புத்தகத்தை எடுத்தாள், குடையை எடுத்தாள், இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் சட்டம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"இங்க பாருங்க. ஏத்தத்துல நான் நில்லுன்னா நிக்கணும், போன்னா போகணும். ஒரு அங்குலம் பின்னால வரப்பிடாது. என்னைக்கு அப்படி நிக்குதோ அன்னைக்கு ஏறுதேன். அதுவரைக்கும் கர்த்தர் எனக்கு ரெண்டு காலு குடுத்திருக்காரு."

சொல்லிவிட்டு ஏற்றத்தில் நடந்தே போய்விட்டாள். அன்றிலிருந்து டீமேக்கருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்: ஞானத்தை மறுபடி அந்த முன் சீட்டில் உட்காரவைக்க வேண்டும். அந்தச் சீட்டின் மேல் வெளுத்த துண்டு ஒன்றை விரித்துவைத்தார். நான் ஒரு நாள் தெரியாத்தனமாய் அதில் உட்காரப் போய்விட்டேன்.

"ஏய், எந்திரியும்வே! அது டீச்சர் சீட்டு. பின்னால ஏறும்."

எனக்கு ஒரு உத்தியோகமும் கொடுத்தார். ஏற்றத்தில் வண்டி பின்வாங்கினால் குதித்து இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். கூலி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சரம்மா கையால் ஆட்டுக்கறிக் குழம்பு. நான் முருக பக்தன். ஆனாலும் வாராவாரம் மடியில் கட்டையோடு கோயில் வாசல் வரைக்கும் போனேன். ஞானஸ்நானம் வாங்கினவர்களுக்கே அத்தனை அட்டெண்டன்ஸ் இருந்திருக்காது.

முதல் வைத்தியம் பிரேக் ஷூவுக்கு. அதில் எண்ணெய் ஊறியிருப்பதாக மூக்கு சொன்னது. "ஈரம்னா காயவைக்கணும். காயவைக்கத் தெரியாதவனா நான்?" என்று நாலு சக்கரத்து ஷூவையும் கழற்றிக்கொண்டுபோய், தேயிலை உலர்த்துகிற டிரையருக்குள் இலையோடு இலையாய் அனுப்பிவிட்டார். வேறு எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இந்த யோசனை வராது, வரவும் கூடாது. ஷூ முறுமுறு என்று வெளியே வந்தது. அதற்குப் பின்னால் வந்த தேயிலை ஒரு நாள் பூராவும் லாரி டயர் எரிகிற வாசம் அடித்தது. மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அதையும் ஏலத்துக்கு அனுப்பினோம். வாங்கினவன், 'புகை வாசத்தோடு பிரமாதமாக இருக்கிறது, இன்னும் கிடைக்குமா?' என்று கடிதம் எழுதினான். டீமேக்கர் அந்தக் கடிதத்தை எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார். கார் மட்டும் நிற்கவில்லை.

"சின்ன பிரேக் டிரம்மு. அதான்வே. அம்பாசடர் டிரம்மு போட்டா நிக்கும்" என்றார் அப்புறம். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் ஒரு விவசாயி வீட்டில், மரத்தில் மோதின அம்பாசடர் ஒன்று சும்மா கிடப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் ஒன்றரை நாள் பஸ்ஸில் போனோம். மாட்டுக்கொட்டகையில் நின்ற அந்த வண்டிக்குள் கோழி அடைந்துகொண்டிருந்தது. விவசாயி மோர் கொடுத்து உபசரித்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, வண்டியவே எடுத்துட்டுப் போலாமுங்களே?"

"வண்டி எதுக்குங்க? எங்கிட்ட ஒண்ணு இருக்கு. பிரேக்கு மட்டும் போதும்."

"பிரேக்கு மட்டும் கேட்டு இத்தன தூரம் வந்த ஆள இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றவர், நாங்கள் கழற்றுகிற மட்டும் கோழிகளைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

திரும்பி வருகையில் முண்டக்கயம் தாண்டி மலை ஏறுகிற பஸ். டீமேக்கர் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு டிரம்மைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வந்து, "இதெந்தா சாதனம்?" என்று கேட்டான்.

"பிரேக்கு" என்றார் இவர், பெருமையாக.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். முன் சீட்டுக்காரர் திரும்பினார். அவருக்கு முன்னால் இருந்த அம்மா எழுந்து நின்றாள். பஸ்ஸின் பிரேக்கைக் கழற்றி ஒருத்தன் மடியில் வைத்திருக்கிறான் என்று பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் சேதி போய்விட்டது. அடுத்த வளைவில் டிரைவரே பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி, சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டீமேக்கர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எவ்வளவு அழகா நிக்கு பாரும்!" என்று பொறாமைப்பட்டார்.

டிரம் ஏறியது. ஆனால் பெரிய டிரம்முக்கு எண்ணெய் தள்ள அந்தச் சின்ன வண்டியின் மாஸ்டர் சிலிண்டருக்குத் தெம்பு இல்லை. ஒரு மிதிக்கு நிற்காது, நாலு மிதி வேண்டும். தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஒரு வளைவுக்கு முன்னாலிருந்தே மிதித்துக்கொண்டு போவார். அப்புறம் எஸ்டேட்டில் கழித்துப் போட்ட ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி மாட்டினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. காலை வைத்ததும் வண்டி நட்ட கல்லாய் நின்றது. வண்டி நின்றதே தவிர உள்ளே இருந்த நான் நிற்கவில்லை. என் மூக்கு முன் சீட்டின் முதுகில் போய் அடித்து, துண்டில் ரத்தம் பட்டுவிட்டது. டீமேக்கர் ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போய்த் துண்டைப் பார்த்தார்.

"கறை போகுமாவே?"

எனக்கு வந்த கோபத்துக்கு, கட்டையை அவர் காலில் போட்டுவிட்டு நடையைக் கட்டியிருப்பேன். அன்றைக்கு மத்தியானம் ஈரல் வறுவல் என்று முன்னாலேயே தெரிந்திருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

இனி நிற்கும். ஆனால் ஏறவேண்டுமே! முக்கிக்கொண்டு நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்பினால் சாண் ஏறி முழம் சறுக்கியது. டீமேக்கர் அதே ஜீப்பின் பின் அச்சை, உள்ளே இருக்கிற பல்சக்கரங்களோடு சேர்த்து வெட்டி, ஒட்டி, மோரிஸுக்குப் பொருத்த ஆரம்பித்தார். பாக்டரி பிட்டர் கையெடுத்துக் கும்பிட்டு ஓடிப்போனான். ஞாயிறு போக மிச்ச நாளெல்லாம் சாயங்காலம் அவர் வண்டிக்கு அடியில் கிடப்பார், நான் ஸ்பானர் நீட்டுவேன். டீச்சரம்மா வாசலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவாள். ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஆனால் அவர் கை நீட்டினால் காப்பி மட்டும் சரியாக அந்தக் கையில் வந்து உட்காரும்.

முடிந்தது. அந்தக் கியரில் வண்டி சுவரில்கூட ஏறும் என்றார் டீமேக்கர். ஏறியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் எப்போது போய்ச் சேரும் என்று கேட்கக் கூடாது. கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு எருமை தாண்டிப் போனது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பரீட்சை ஞாயிறு வந்தது. ஊரே ஏற்றத்தின் ஓரத்தில் நின்றது. தேறாத வண்டியில் ஏறுகிற பழக்கம் டீச்சரம்மாவுக்கு இல்லாததால், அவர் பக்கத்து ஜன்னலோரமாகக் குடையோடு நடந்து வந்தாள். இருக்கிறதிலேயே செங்குத்தான இடம் பார்த்து, "நில்லு!" என்றாள்.

நின்றது. நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வேலையே இல்லை. டீச்சரம்மா குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். அங்குலம் நகரவில்லை.

"போ!"

ஒரு முடியளவு பின்வாங்காமல் மேலே போனது. ஜனம் கைதட்டியது. டீமேக்கருக்கு முகமெல்லாம் பல். துண்டை உதறி விரித்து, "ஏறு ஞானம்" என்றார்.

டீச்சரம்மா நடப்பதை நிறுத்தவில்லை.

"நான் நடக்கதும் நீங்க ஓட்டதும் ஒரே வேகமால்லா இருக்கு? இதுல ஏறி என்னத்துக்கு? இந்தாங்க, இத மட்டும் வையுங்க" என்று வேதப்புத்தகத்தையும் கைப்பையையும் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள்.

மூன்று வருஷத் தவம்! மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது. துண்டின் மேல் கைப்பை உட்கார்ந்து போயிற்று.

ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதுவே வழக்கமானது. அவர் ஓட்டுவார், அவள் ஜன்னல் விளிம்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பாள். மூன்றாம் வகுப்பில் எவன் யாரைக் கடித்தான் என்பதிலிருந்து, ஊரில் தங்கச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளை வரைக்கும் பேசிக்கொண்டே வருவாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் பின்னால் வருகிற எனக்குக் கேட்கும். மனசு தாங்காமல் ஒரு நாள் சொன்னேன்.

"வேற அச்சு ஒண்ணு பாத்து மாட்டிருவோம், டீமேக்கர். பிரேக்குதான் இப்ப நிக்குதே. கொஞ்சம் வேகமாப் போனா டீச்சரம்மா ஏறிருவாங்க."

துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"வேண்டாம்வே. கல்யாணம் கட்டி இருவது வருஷம். பாக்டரி பாக்டரின்னு கெடந்துட்டேன். அவ எங்கிட்ட இவ்வளவு பேசுனதே இப்பத்தான்."

அன்றைக்குத்தான் அந்த மனிதர் மேல் எனக்கு இருந்தது வெறும் குழம்புப் பாசம் இல்லை என்று தெரிந்தது.

ஜூன் மாசத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு. பாதி ஏற்றத்தில் டீச்சரம்மாவின் செருப்பு வார் அறுந்தது. நின்றாள். குடையை மடக்கினாள். காரைச் சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, கைப்பையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ம், போங்க" என்றாள். டீமேக்கர் கியரைப் போட்டார். அன்றைக்கு வண்டி இன்னும் மெதுவாகப் போனதாக எனக்குத் தோன்றியது.

கோயில் முற்றத்தில் போய் நின்றது. முதல் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்தது. இரண்டு பேரும் இறங்கவில்லை. உள்ளே போனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் நனைந்துகொண்டே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். டீச்சரம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டீமேக்கர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். என்ஜின் எப்போதோ அணைந்திருந்தது.

"மணி அடிச்சாச்சு, டீமேக்கர்."

கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினார்.

"நீரு போம்வே. நாங்க வந்துகிட்டே இருக்கோம்."

மணியடிக்கிற கோயில்பிள்ளை வாசலில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையோடு இறங்கியிருந்த பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நின்ற கார் அவருக்குத் தெரியவில்லை.

"டீமேக்கர் வந்தாச்சா? பாட்டு தொடங்கப் போறாங்க" என்றார்.

முருகன் மன்னித்துக்கொள்வான் என்று, கோயில் வாசலில் நின்றுகொண்டே கூசாமல் பொய் சொன்னேன்.

"இல்லண்ணே. இன்னும் ஏத்தத்துலதான் வந்துகிட்டு இருக்காங்க. நேரமாகும்."