சுண்டுவிரல் விண்ணப்பம் ஆகாது

மழலையர் பள்ளிகளுக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகள் சுண்டுவிரலைக் காட்டிவிட்டு ஒண்ணுக்கு ஓடுவது நாகரிகம் அல்லவாம். இனி வணக்கம், பெயர், காரணம், கோரிக்கை, நன்றி என்று ஐந்து படிகளில் கேட்க வேண்டும். ஒரு படி பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே கழிப்பறை உள்ள ஒரு பள்ளியில், டீச்சர் இரண்டு வாரம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தார். சோதித்துப் பார்க்க அதிகாரி வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

நான்கு வயதுப் பட்டாணி எழுந்தாள். வகுப்பிலேயே குட்டி உருவம் என்பதால் அந்தப் பெயர். கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

“வணக்கம் ஐயா. என் பேரு பட்டாணி.”

“காரணம்?”

“வருது.”

“என்ன வருது? தெளிவா சொல்லு.”

“ஒண்ணுக்கு! போகட்டுமா?”

“எவ்வளவு அவசரம்னு சொல்லலையே. முதல்லேருந்து வா.”

“சார், புள்ள தாங்காது” என்றார் டீச்சர்.

“இந்த வயசுலயே பழக்கணும்மா. ம், வணக்கம்...”

“வணக்கம் ஐ...”

அவசரத்தின் அளவு தரையோடு ஊர்ந்து வந்து அதிகாரியின் புது ஷூவைத் தொட்டது. அவர் காலைத் தூக்கிக்கொண்டே குறிப்பெழுதினார்: ‘விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே மனுதாரர் தன்னிச்சையாகச் செயல்பட்டார்.’

கிளம்பும்போது டீச்சர் ஒரு தாளை நீட்டினார். இன்னொரு கழிப்பறை கேட்டு அவர் எழுதிய ஏழாவது மனு.

அதிகாரி படித்துப் பார்த்து மகிழ்ந்தார். “அடடா, அஞ்சு படியும் அச்சுப்பிசகாம இருக்கே! போன ஆறும் இப்படித்தான். பத்திரமா வெச்சிருக்கோம்.”

வேறு கவுன் மாட்டிக்கொண்டு வந்த பட்டாணி, டீச்சரின் புடவையை இழுத்தாள்.

“மிஸ், நீங்க கீழ விழுந்து புரண்டு அழுதீங்களா? எங்கம்மா அதுக்கு மட்டும் உடனே குடுத்துருவாங்க.”

டீச்சர் ஒரு வாரம் யோசித்தார். எட்டாவது மனு எழுதப் பேனாவைத் திறந்தார்; மூடினார். மறுநாள் காலை தலைமை அலுவலகத்துக்குப் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, வராந்தாவில் தடாலென்று விழுந்தார்.

“மெதுவா மேடம், கால்ல இடிக்குது” என்றது பக்கத்தில் ஒரு குரல்.

கண்ணைத் திறந்தார். வராந்தா நெடுக ஆட்கள் படுத்திருந்தார்கள்.

பியூன் குனிந்து கேட்டார்: “புரண்டு அழவா? மூணாவது கவுன்ட்டர்ல டோக்கன் வாங்கிட்டு வந்து படுங்கம்மா. அங்க வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்.”