ஈர்க்கியின் முதுகு இலை

முட்காட்டுக்கும் மழைக்காட்டுக்கும் ஒரே அரசு வாய்த்த காலத்தில், முட்காட்டு வேலம்புதர் ஒன்றில் சுள்ளி என்ற குச்சிப்பூச்சி தன் மகள் ஈர்க்கியோடு குடியிருந்தாள். காய்ந்த குச்சி போல அசையாமல் கிடப்பது அவர்கள் குலவழக்கம். கிடைத்த தழையைத் தின்பார்கள். பறவை வந்தால் மூச்சடக்குவார்கள். யார் வம்புக்கும் போனதில்லை.

அரசை நடத்தியவர்கள் மழைக்காட்டு இலைப்பூச்சிகள். அச்சு அசல் பச்சிலை போன்ற உடம்பு. அதில் அவர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. இரு குலங்களையும் ஒப்பிட்டு ஆராய ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் இலைப்பூச்சிகள், ஆகவே முடிவு தாமதமில்லாமல் வந்தது. இலையாகத் தெரிவதே நாகரிகம். குச்சியாகத் தெரிவது நாட்டுக்கு அவமானம். குச்சிக் குலத்தார் ஒவ்வொருவரும் இனி முதுகில் ஓர் இலையை ஒட்டிக்கொள்ள வேண்டும். தவறினால் வெட்டவெளிக்குத் துரத்தப்படுவார்கள். அங்கே போனவர்கள் பறவைக்குச் சாப்பாடு.

பழுப்புப் புதரில் பச்சை இலை பளிச்சென்று தெரிந்தது. பறவைகளுக்கு வேலை சுலபமாயிற்று. மக்கள்தொகை கட்டுக்குள் வந்துவிட்டதாக அரசு மகிழ்ந்தது. கோடையில் இலைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அடுத்த சட்டமும் வந்தது: இலை உடுத்துவதற்கே, தின்பது தேசத்துரோகம்.

பசி சுள்ளியின் கண்ணை மறைத்தது. ஒரு மத்தியானம் எதிரே பச்சை விளிம்பு ஒன்று தெரிந்தது. கடித்துவிட்டாள்.

"அம்மா! நான்தாம்மா!"

இலையோடு மகளின் தோளும் கிழிந்திருந்தது. சுள்ளி விக்கித்துப்போனாள். அதைவிடக் கொடுமை, வாயில் இருந்ததைத் துப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் சோதனைக்கு வந்தார் தலைமை இலை ஆய்வாளர் பசுந்தழையார். சுள்ளி மகளைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"ஐயா, பசியில நான்தான் கடிச்சுட்டேன். அவள வெளிய தள்ளிராதீங்க. என்னைத் தள்ளுங்க."

பசுந்தழையார் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"தள்ளுவதாவது! இந்தப் புதரிலேயே அசல் குடிமகள் இவள் ஒருத்திதான்!"

திரும்பித் தன் உடம்பின் ஓரத்தைக் காட்டினார். நெடுகக் கடிபட்ட தழும்பு.

"இது எங்க அண்ணன் இலைன்னு நினைச்சுக் கடிச்சது. இது என் சம்சாரம். தலைநகர்ல முழுசா ஒருத்தரும் கிடையாதும்மா."

"வலிக்காதுங்களா?"

"வலிக்கும். வெளிய சொல்றதில்ல."

வாழ்த்திவிட்டு அவர் அடுத்த புதருக்குப் போனார். மகள் பிழைத்துவிட்டாள் என்ற நிம்மதியில் சுள்ளி அவளை அணைக்கப் போனாள். ஈர்க்கி நகரவில்லை. அம்மாவின் முதுகில் இருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.