பின்சக்கரத்தில் இருந்த தலைச்சுற்றல்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று உன் அக்கா போனில் விசாரித்துச் சொல்லிவிட்டாள். ஆனாலும் கடிதம் என்று உட்கார்ந்தபின் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், சுகம்தானே? இங்கே நான் சுகம். இதை எழுத எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. போன கடிதத்தில் இதே இடத்தில் ‘எல்லாம் நம் கையிலா இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. என் மோட்டார் சைக்கிளை இனி நீயே வைத்துக்கொள் என்று எழுதிய பத்தியை முதலில் கிழி. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப்போக வருகிறாயாம். தாராளமாக வா, சாப்பிடு, அக்காவோடு பேசிக்கொண்டிரு, பஸ்ஸில் திரும்பிப் போ. இதையெல்லாம் போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய் என்றுதான் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் எடைமேடை நெடுஞ்சாலையில் இருப்பது உனக்குத் தெரியும். லாரி வரும், மேடையில் நிற்கும், எடை பார்த்து ரசீது கொடுப்பேன், போகும். வீட்டிலிருந்து அங்கே போகிற ரோடு நூல் பிடித்த மாதிரி நேர். வளைவு என்று சொல்ல எங்கள் தெருமுனையும் எடைமேடை வாசலும்தான். அந்த இரண்டு இடத்திலும்தான் எனக்குத் தலை சுற்றுவதுபோல் நிதானம் தப்ப ஆரம்பித்தது. வண்டியைச் சாய்த்தால் முதலில் சாயமாட்டேன் என்று அடம்பிடிக்கும், கொஞ்சம் அழுத்தினால் யாரோ இடுப்பில் கைவைத்துத் தள்ளினாற்போல் திடீரென்று ஒரு பக்கமாகச் சரியும், நான் காலை ஊன்றி நிற்பேன். ரோட்டில் போட்ட வெள்ளைக்கோடு, தார் ஒட்டுப்போட்ட விளிம்பு, எதன்மேல் ஏறினாலும் அதன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். திடீரென்று ஒருநாள் வந்திருந்தால் வண்டியைச் சந்தேகப்பட்டிருப்பேன். எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால், இது மண்டைக்குள் இருக்கிற கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் அப்பாவும் கடைசிக் காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து நிஜமாகவே நடுங்கிப்போனேன்.

காது டாக்டரிடம் போனேன். உடம்பின் நிதானமெல்லாம் காதுக்குள்தான் இருக்கிறதாம். கண்ணை மூடி நிற்கச் சொன்னார், கோட்டின்மேல் நடக்கச் சொன்னார், தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார், ஒன்றுமில்லை என்றார். கண்டுபிடிக்கவே முடியாத நோய் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு வந்தேன். லாரி வராத நேரத்தில் எடைமேடையிலேயே ஒற்றைக்காலில் குதித்து நிதானப் பயிற்சி செய்தேன். உள்ளே மேனேஜரின் திரையில் எண் ஏறி இறங்கி ஆடியிருக்கிறது, மேடை கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்கிறவரை வரவழைத்துவிட்டார். வளைவு வந்தால் இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பிவிட்டு, மறுபடி ஏறிக்கொள்வேன். தெருமுனைத் தையல்காரர் தினமும் பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று கேட்பார், நானும் தினமும் ஆமாம் என்பேன். டயர்க் காற்றில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. நமக்குத்தான் நிதானம் போயிற்று, வண்டியாவது திடமாக இருக்கட்டும் என்று காலையில் மிதி பம்பை எடுத்து, கட்டைவிரலால் அமுக்கினால் கல் மாதிரி இருக்கும்வரை அடித்தேன். டயரைப் பார்க்காமலும் இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் ரப்பர் பட்டனெல்லாம் புதுசு மாதிரி தடிதடியாகத்தான் இருந்தது. நடுப்பகுதியை மட்கார்டு மறைத்துக்கொண்டிருந்தது.

உனக்கு வண்டி என்று எழுதித் தபாலில் போட்ட அன்று நான் அழுததாக உன் அக்கா சொல்லுவாள், முழுக்க நம்பாதே, கொஞ்சம்தான். அவள் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவள், நாளெல்லாம் சந்துசந்தாக ஸ்கூட்டரில் வளைந்து திரிகிறவள், தம்பிக்குப் போகிற வண்டி அழுக்காகப் போகக்கூடாது என்று அவளே ஏறி உட்கார்ந்து கழுவக் கொண்டுபோனாள். தெருமுனைவரைகூடப் போயிருக்கமாட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள், முகம் வெளுத்துப்போயிருந்தது.

“எனக்கும் தலை சுத்துது,” என்றாள்.

எனக்கு இருந்தது அவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், எழுந்துபோய் மட்கார்டுக்குள் கையை விட்டுப் பின் டயரைக் குறுக்கே தடவினாள்.

“இங்க வாங்க. நீங்களே கை வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய டயர் நடுவில் பலகை மாதிரி சப்பையாக, பட்டன் என்று பேருக்குக்கூட ஒன்றில்லாமல் வழவழவென்று இருக்கிறது, இரண்டு ஓரமும் விளிம்பு கட்டி நிற்கிறது. புது டயரில் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஓரங்களில் அதுகூட உதிராமல் இருக்கிறது. அத்தனை வருஷம் ஓட்டியும் அந்த ஓரம் ரோட்டையே பார்த்ததில்லை. நேராகவே போனதில் நடு தேய்ந்திருக்கிறது, கல் மாதிரி காற்றடித்ததில் நடு மட்டும் புடைத்துக்கொண்டு இன்னும் தேய்ந்திருக்கிறது, வளைவுக்குப் பயந்து மேலும் நேராகவே போனதில் மிச்சம் மீதியும் போய்விட்டது. சாய்க்கும்போதெல்லாம் வண்டி அந்த விளிம்பின்மேல் ஏறி அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, நான் காது டாக்டரிடம் போயிருக்கிறேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். வாசல்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். “உங்களுக்கு ஒண்ணுமில்ல. இத்தனை நாளா நீங்க தூங்கினப்புறம் மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன் தெரியுமா,” என்றாள். எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அப்புறம் ரெண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தோம்.

முன்னும் பின்னும் டயர் மாற்றியாயிற்று. கடையில் அளவு பார்த்துக் காற்று வைத்தார்கள், என் கட்டைவிரலுக்கு மெத்தென்று இருந்தது, மனசு கேட்கவில்லை. உன் அக்கா பம்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். தெருமுனையில் உடம்பைக் கொஞ்சம்தான் திருப்பினேன். தூங்குகிற குழந்தை புரண்டு படுக்கிற மாதிரி வண்டி தானாகச் சாய்ந்து தானாக நிமிர்ந்தது. ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே ரவுண்டானாவுக்குப் போய்ச் சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன். டிராஃபிக் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, எங்கே போகணும், வழி தெரியலையா என்று கேட்டார். எங்கேயும் போகலை சார், எனக்குத் தலை சுத்துதான்னு பார்க்கிறேன் என்றேன். ஊதச் சொன்னார். சந்தோஷமாக ஊதிக் காட்டினேன்.

ஆகையால் வண்டி என்னிடமேதான் இருக்கும், வருத்தப்படாதே. என் தலை, காது, நிதானம் எல்லாம் கனகச்சிதமாக இருக்கின்றன. நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் வண்டியும் இருக்க வேண்டும். அதன் டயரை இன்றைக்கே ஒருதரம் குறுக்கே தடவிப் பார்.

இப்படிக்கு,
தலை தெளிந்த உன் அத்தான்

பின்குறிப்பு: கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். கடிதத்தைத் தபாலில் போட வண்டியில்தான் போனேன். புது டயருக்கு மேலே வழுக்குகிற ஒரு மெருகு இருக்குமாம், அது தேய்கிறவரைக்கும் சாய்த்து ஓட்டக்கூடாதாம். கடையில் சொன்னார்களாம், நானும் தலையாட்டினேனாம். தபாலாபீஸ் வளைவில் நன்றாகவே சாய்த்துவிட்டேன். எனக்கு வலது கையில் கட்டு, வண்டிக்கு ஒரு கண்ணாடி போயிற்று. மற்றபடி ஒன்றுமில்லை. ரோட்டில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தேன், அது கொஞ்சம்கூடச் சுற்றவில்லை.

தம்பி, இனிமே நானே எழுதறேன். வண்டி எனக்குத்தான், சாவி என் பையில இருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து இவரைப் பின்னாடி உட்காரவச்சு நான்தான் மெதுவா ஓட்டிக்கிட்டு வந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, தலை சுத்துது, தலை சுத்துதுன்னார். எனக்கு இப்பப் பயமே வரல.