உப்பு ஏறாத குட்டி யானை

வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினரை வண்டி சுமக்கும். இரண்டாம் வகையினர் வண்டியைச் சுமப்பார்கள். முதல் வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏறுவார்கள், போவார்கள், இறங்குவார்கள், வண்டியை மறந்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். நாம் பார்க்கப்போவது இரண்டாம் வகை. இவரை அடையாளம் காண்பது சுலபம். வண்டி வாங்கி எத்தனை காலம் ஆகியிருந்தாலும், "வண்டி எப்படி இருக்குது?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பாருங்கள். "எல்லாம் முடிஞ்சிருச்சு, ஒரே ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி" என்பார். அந்தச் சின்ன வேலை முடிந்ததாக இதுவரை எந்த ஊரிலிருந்தும் தகவல் இல்லை.

இந்த இனம் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது என்றாலும், மரக்காணத்துப் பச்சமுத்துவைவிடச் சுத்தமான மாதிரி ஒன்று உங்களுக்குக் கிடைக்காது.

பச்சமுத்துவின் மனைவி விருத்தாம்பாள். கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரியவர், இந்த வருஷம்தான் துணிந்து சில பாத்திகளைத் தன் பேரில் குத்தகைக்கு எடுத்தார். அந்தப் பாத்திகளுக்குப் போகிற வரப்புப் பாதையில் லாரி நுழையாது. விளைந்த உப்பைத் தார் ரோடு வரைக்கும் தலையில்தான் சுமக்க வேண்டும். அதனால்தான், வரப்பில் போய்த் திரும்பக்கூடிய ஒரு பழைய லோடு வண்டியை, ஊரே 'குட்டி யானை' என்று கூப்பிடும் அந்தச் சின்ன வண்டியை, மகளிர் குழுவில் கடன் போட்டு வாங்கி, இத்தனை காலம் பிறத்தியார் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த கணவர் கையில் சாவியைக் கொடுத்தார். உப்பு ஏற்றுவதற்காக வந்த வண்டி. இதை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பச்சமுத்து முதல் வாரமே மறந்துவிட்டார்.

பணக்காரன் வண்டியை அலங்கரிப்பதில் என்ன திறமை இருக்கிறது? கடைக்குப் போவான், கார்டைத் தேய்ப்பான், வருவான். குடும்பஸ்தன் அலங்கரிப்பதைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு வேண்டியது அத்தனையும் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது என்பது பச்சமுத்துவின் கண்டுபிடிப்பு. சமையலறை ஜன்னலில் இருந்த கம்பி வலை வண்டியின் மூக்குக்குப் போனது, விருத்தாம்பாளின் வளைகாப்புப் பட்டுச்சேலை சீட்டுக்கு உறையானது, மகள் தமிழ்நிலா பரீட்சைக்குப் படிக்கிற மேஜை விளக்கு டாஷ்போர்டு முருகனுக்கு மேலே நின்று எரிந்தது, அலமாரிக் கண்ணாடி டிரைவர் பக்கத்துக் கதவில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் கொசு வந்தது. வண்டிக்குள் ஒரு கொசு இல்லை. கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தாம்பாளங்கள் சக்கரங்களுக்கு மூடியாயின. அவற்றில் வெட்டிய பெயர் அப்படியே இருந்ததால், வண்டி ஓடும்போது 'தாய்மாமன் அன்பளிப்பு' என்ற எழுத்து ரோடு முழுக்கத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டே போகும். பக்கத்து வீட்டு சகாயமேரி, மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தாம்பாளம் இரவல் கேட்டு வந்தபோது பச்சமுத்து கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை.

"வண்டியவே கொண்டாந்து வாசல்ல நிறுத்தறேன். பழத்த அதும்மேல வெச்சுக்கோங்க" என்றார்.

நல்ல மனசு. யார் இல்லை என்றது?

லோடு ஏற்றுகிற இடத்தில் பாதியை ஒரு ஸ்பீக்கர் பெட்டி பிடித்துக்கொண்டது. ஆரோவில்லில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்யும்போது தள்ளிவிட்டுப் போனது, ஆள் உட்காரலாம் போல அவ்வளவு பெரிசு. "மீதி எடத்துல என்னாத்தங்க ஏத்தறது?" என்று விருத்தாம்பாள் கேட்டார். "பாட்டு கேட்டுக்கினே ஏத்தலாம்" என்றார் பச்சமுத்து. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று இந்த இனத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

பிறகு திண்டிவனத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் சுரேஷ் ஒரு ரிவர்ஸ் ஹாரன் மாட்டிவிட்டான். வண்டியைப் பின்னால் எடுத்தால் கன்றுக்குட்டி கத்தும். அசல் கன்றுக்குட்டி தோற்றது. பிரம்மதேசத்தில் ஒருமுறை வண்டியைத் திருப்பப் பின்னால் எடுத்தபோது, கன்று பறிகொடுத்த ஒரு பசு தெருவிலிருந்து ஓடி வந்து சேர்ந்துகொண்டு பெருமுக்கல் வரைக்கும் கூடவே வந்தது. பசுவுக்குப் பின்னால் பசுவின் சொந்தக்காரர் வந்தார். மாட்டுத் திருட்டு என்று சொல்லிக் கூட்டம் கூடியது. நான் திருடலை, என் வண்டிதான் கூப்பிட்டுச்சு என்று பச்சமுத்து விளக்கியது அங்கே எடுபடவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் முழுக்க அவர் முகத்தில் ஒரு பெருமிதம். பெத்த தாயே ஏமாந்துட்டாளே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மரக்காணத்தில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். குடிக்க, சமைக்க, கேன் தண்ணீர்தான். பச்சமுத்து வீட்டிலும் கேன் வந்தது. அதில் வண்டி குளித்தது. மனைவியும் மகளும் போர் தண்ணீரில் குளித்தார்கள். "எங்களுக்கு மட்டும் துரு புடிக்காதா?" என்று தமிழ்நிலா கேட்டாள். பச்சமுத்து யோசித்துப் பார்த்தார். மனுஷத் தோலுக்கு பெயின்ட் கியாரண்டி எதுவும் கிடையாதே என்பது அவர் வாதம்.

எல்லாம் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? வண்டியில் உப்பு படக்கூடாது என்ற சட்டத்தில். உப்பு பட்டால் தகரம் அரிக்கும். அரித்தால் பெயின்ட் உரியும். உரிந்தால் அப்புறம் வாழ்வதில் என்ன அர்த்தம்? உப்பு வாரிய சேலையோடு வீட்டுக்கு வரும் விருத்தாம்பாள் வண்டியைத் தாண்டிப் போகும்போது முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கித்தான் போக வேண்டும். வண்டிப் பூஜையன்றுகூட ஒரு சிக்கல் வந்தது. புது வீடோ புது வண்டியோ, முதலில் உப்பு ஏறுவதுதான் சம்பிரதாயம். சம்பிரதாயத்தை மீறப் பச்சமுத்துவுக்கு பயம். ஆகவே, வாசலில் நின்று பார்த்தால் உப்பளம் வெள்ளையாகத் தெரிகிற வீட்டில் குடியிருக்கும் அந்த மனிதர், மளிகைக் கடைக்குப் போய், எங்கோ வேறொரு ஊரில் அடைத்த பொடியுப்பு பாக்கெட் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வண்டி நடுவில் ஒரு தலையணை மேல் இருத்தி, கற்பூரம் காட்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பத்திரமாக இறக்கிச் சமையலறையில் வைத்தார். பாக்கெட் உப்பு சொட்டாது பாருங்கள்.

அதற்குப் பிறகு அந்த வண்டி ஏற்றியதெல்லாம் பொரி மூட்டை, பஞ்சு மெத்தை, கல்யாண மேடைக்குப் பிளாஸ்டிக் பூ. கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றக் கேட்டு வந்தவரிடம், "மீனத் தொடச்சுக் குடுப்பியாப்பா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

இந்தப் பக்கம், விருத்தாம்பாளின் பாத்தியோரம் உப்பு அம்பாரமாகக் குவிந்துகொண்டிருந்தது. கோடை முழுக்க வெயிலில் நின்று வாரிய உப்பு, அவருடைய சொந்த உப்பு. பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசு நிறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தலையில் சுமந்து ரோட்டில் சேர்த்தது போக, பெரும்பகுதி அங்கேயே நின்றது. சீக்கிரம் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையில் கீற்று வாங்கி மூடாமலும் வைத்திருந்தார். அந்த உப்பை விற்றுத்தான் அடுத்த வருஷக் குத்தகை. விற்காவிட்டால் மறுபடியும் கூலி. இதில் மூன்றாவது வழி ஒன்று கிடையாது.

புரட்டாசி பாதியில் ஒரு நாள் மதியம், வடகிழக்கில் வானம் கறுத்தது. உப்பு வியாபாரி நடராசன் போன் பண்ணினார். "ஏம்பா பச்சமுத்து, சாயந்தரம் என் லாரி ரோட்டுல நிக்கும். அதுக்குள்ள கொண்டாந்து போட்டீங்கன்னா ஏத்திக்கிறேன். மழைக்கப்புறம் என்னால ஆவாது."

"ஏங்க, வண்டிய எடுங்க" என்றார் விருத்தாம்பாள்.

"எடுக்கறேன். இப்பதான் பாலிஷ் போட்டேன், காஞ்சிடட்டும்."

"ஏங்க, வானத்தப் பாருங்க."

பச்சமுத்து பார்த்தார். இந்த ஈரக்காற்றில் பாலிஷ் எப்படிக் காயும் என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது.

"அந்த உப்பு போச்சுன்னா அடுத்த வருஷம் நான் இன்னொருத்தன் பாத்தியிலதான் நிக்கணும். அதையாவது புரிஞ்சுக்கோங்க" என்றார் விருத்தாம்பாள். சத்தம் போடவில்லை, கெஞ்சினார்.

பச்சமுத்து கெட்டவரில்லை. மனைவி மேல் உயிராக இருப்பவர். உடனே சாவியை எடுத்தார். பிறகு தார்ப்பாயை எடுத்தார். பிறகு ஒரு மெத்தையை எடுத்தார். பிறகு பாலித்தீன் சுருளை எடுத்தார். அதற்குள் விருத்தாம்பாளும் சகாயமேரியும் ஓட்டமாக ஓடிப் பாத்திக்கே போய்ச் சேர்ந்து, கோணியில் உப்பைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

வண்டி வரப்பில் வந்தது. அம்பாரத்தின் அடிவாரத்தில், கொஞ்சம் பள்ளமான இடத்தில், கன்றுக்குட்டி போலக் கத்திக்கொண்டே பின்னால் வந்து நின்றது. அந்தச் சத்தம் விருத்தாம்பாளுக்கு அன்றைக்குத்தான் இனிமையாகக் கேட்டது. பச்சமுத்து இறங்கினார். மெத்தையை விரித்தார். அதன்மேல் பாலித்தீன். அதன்மேல் தார்ப்பாய். நான்கு மூலையிலும் சுருக்கம் எடுத்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"மூட்டைய ஒருவாட்டி தொடச்சுக் குடுங்க."

"உப்பு மூட்டைய எங்கண்ணா தொடைக்கிறது? தொடைக்கத் தொடைக்க உப்புதான வரும்?" என்றார் சகாயமேரி. ஆனாலும் துடைத்தார், வேறு வழி? துடைத்துத் துடைத்து, ஸ்பீக்கர் பெட்டி விட்டுவைத்த இடத்தில் மூட்டைகளை ஏற்றி முடித்தபோது முதல் தூறல் விழுந்தது.

பச்சமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நனைந்த உப்பு சொட்டுமே. ஏற்றிய மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கடைசியில் தார்ப்பாயும் அவர் கைக்கு வந்தது. இந்தப் பக்கம் அம்பாரம், அந்தப் பக்கம் வண்டி. நடுவில் ஒரே ஒரு தார்ப்பாய்.

"யோவ், இங்க போடுய்யா" என்று விருத்தாம்பாள் இரண்டு கையையும் நீட்டினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் கணவரை 'யோவ்' என்றது அன்றைக்குத்தான்.

பச்சமுத்து யோசித்துச் செய்தார் என்று சொல்வது பாவம். கை தானாகப் போய்விட்டது. வண்டியை மூடினார். கயிற்றை இழுத்துக் கட்டினார். கட்டி முடித்து, தள்ளி நின்று பார்த்தபோது அவர் மனதில் ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. பிறகுதான் திரும்பினார்.

மழை அடித்து ஊற்றியது. அம்பாரத்தின் உச்சி அமுங்கியது, பக்கங்கள் சரிந்தன. கரைந்த உப்பு வெள்ளை ஓடையாக இறங்கிப் பள்ளத்தைத் தேடி வந்தது. பள்ளத்தில்தான் வண்டி நின்றது. வரப்பு மண் இளகிச் சக்கரங்கள் புதைந்தன. தாம்பாளங்கள் மூழ்கின. உப்புத் தண்ணீர் அச்சு வரை ஏறியது, அதற்கு மேலும் ஏறியது, தகரத்தின் அடிவயிற்றை நனைத்து அங்கேயே தங்கியது. ஒரு கோடை முழுக்க ஏற்ற மறுத்த உப்பு அத்தனையும் ஒரே மழையில் தானாக வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே மட்டும் ஒரு சொட்டு படவில்லை.

விருத்தாம்பாள் வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "தார்ப்பாய அவுத்துக் குடு. இருக்கறதயாவது மூடணும்" என்றார்.

"மழை இன்னும் விடலையே" என்றார் பச்சமுத்து.

விருத்தாம்பாள் அவரைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, தெரியாத ஊரில் தெரியாத ஆளிடம் வழி கேட்டுவிட்டது போலப் பார்த்தார். பிறகு தாமே போய்க் கயிற்றை அவிழ்த்து, சகாயமேரியோடு சேர்ந்து தார்ப்பாயை இழுத்து, மிச்சமிருந்த முழங்கால் உயர உப்பின் மேல் போர்த்தி, அதன் ஓரத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பச்சமுத்து வெளியே மழையில் நின்றார். உள்ளே இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

சிரித்தீர்களா? சிரியுங்கள், நமக்கு வண்டியா இருக்கிறது? ஆனால் உங்கள் வீட்டு சோபாவில் கடைக்காரர் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதாமே. டிவி ரிமோட்டுக்குப் பாலித்தீன் சட்டை. ஷோகேஸில் இருக்கும் அந்த நல்ல கப்பில் இதுவரை யாரும் காபி குடித்ததில்லை. விருந்தாளி வந்தால் குடிக்கலாம் என்று வைத்திருந்தீர்கள், விருந்தாளி வந்தபோது உடைத்துவிடுவாரோ என்று டம்ளரில் கொடுத்தீர்கள். போனுக்கு உறை, உறைக்கு மேல் ஒரு பை. பரவாயில்லை, இதெல்லாம் குற்றமே இல்லை. மழை வருகிற அன்று உங்கள் கை எந்தப் பக்கம் போகும் என்பது ஒன்றுதான் கேள்வி. உங்களுக்கு அது தெரியாது. பச்சமுத்துவுக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஆனால் உங்கள் கூடவே குடியிருக்கிற ஒருவருக்கு நன்றாகத் தெரியும். தப்பித் தவறிக்கூட அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.