நோய் குடிக்கும் உருண்டை

ஈஸ்ட் ஹாம் சேலைக்கடையின் மேல்மாடி ஹோல் நிரம்பி, வரிசை படியிறங்கி, பஸ் தரிப்பிடம் வரை நீண்டிருந்தது. நகரின் மறுகோடியான ஹவுன்ஸ்லோவிலிருந்து ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்களும் உண்டு. கவுன்சிலை நம்பாதவர்கள், டாக்டரை நம்பாதவர்கள், ரயில் நேரத்தையே நம்பாதவர்கள் எல்லாரும் உருண்டைச் சாமியை நம்பினார்கள்.

சாமி முந்தி ஜெர்மனியில் பூக்கடை வைத்திருந்த பத்மநாதன். தோலுக்கடியில் ஜெல் வைத்து, உடம்பின் எதிர்ப்பு அணுக்களைப் புற்றுநோயோடு மோதவிட ஆராய்ச்சி நடப்பதாகப் பேப்பரில் செய்தி வந்ததும், அதை வெட்டிச் சட்டம் போட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டினார்.

“வெள்ளைக்காரன் இப்பத்தான் தேடுறான். எங்கட சித்தருக்கு எப்பவோ தெரியும்.”

நோயாளி தொட்ட தண்ணீரில் கடுகளவு ஜெல் உருண்டை ஒன்றைப் போடுவார். முதல் வாரம் அது நெல்லிக்காயளவு ஊதும், நோயைக் குடித்ததாம். மூன்றாம் வாரம், விபூதி தூவிய தீர்த்தத்தில் ஊதாது; குடிக்க நோய் மிச்சமில்லையாம்.

சந்திரவதனாவுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ஊசி தொடங்க வேண்டும். இன்று அவருக்கு மூன்றாம் வாரம். உருண்டை ஊதவில்லை.

“சுகம். செவ்வாய் போகத் தேவையில்லை,” என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பிள்ளையார் படத்தடியில் செருகினார் சாமி. பிள்ளையாருக்கு என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெர்னடெற், ஆய்வுகூடத்தில் அந்தப் பேப்பரில் வந்த மாதிரி ஜெல் தயாரிப்பவள்.

“சாமி, அக்காவுக்கு அந்தத் தீர்த்தத்தில ஒரு வாய் குடுங்கோவன்.”

“அது குடிக்கப்படாது.”

“தீர்த்தமெண்டால் குடிக்கத்தானே?” என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

அதற்குள் சந்திரவதனா பழக்கதோஷத்தில் உள்ளங்கையில் ஊற்றி, கண்ணில் ஒற்றி, உறிஞ்சிவிட்டார். கண் எரிந்தது. முகம் கோணியது.

“கடல் தண்ணி மாதிரிக் கரிக்குது.”

“விபூதியில உப்புக் கலந்திருக்கு. உப்பில இது ஊதாது,” என்றாள் பெர்னடெற். “இதே உருண்டையைக் குழாய்த் தண்ணியில போடுறன். ஒருத்தரும் தொடாதேங்கோ. அன்னதானம் சாப்பிட்டிட்டுப் பாப்பம்.”

அன்னதானத்தை விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? பாயசம் முடிய, உருண்டை நெல்லிக்காயாகிக் கிடந்தது.

“அப்ப குழாய்க்குத்தான் கான்சர்,” என்றார் அதே ஆள்.

சாமியைத் தேடினார்கள். கைபேசியில் முக்கிய அழைப்பாம், பின்படியால் இறங்கிவிட்டார்.

“பிள்ளை, உங்கட ஜெல் இந்த நோயை மாத்துமோ?” என்று கேட்டார் சந்திரவதனா.

“தெரியாது அக்கா. இப்ப எலிக்குத்தான் வைக்கிறம். செவ்வாய் போடுற ஊசியும் எல்லாருக்கும் கேக்குமெண்டு சொல்ல ஏலாது. சில பேருக்குக் கேட்டு நோய் குறைஞ்சிருக்கு.”

சந்திரவதனா பிள்ளையாரிடமிருந்து கடிதத்தை மெல்ல உருவி, கைப்பைக்குள் வைத்தார்.

‘தெரியாது’ என்ற சொல் அந்த ஹோலில் கேட்டது அன்றுதான் முதல் தடவை. இனி யாராவது எல்லாம் தெரியும் என்று வந்தால், ஒரு வாய் தீர்த்தம் கேட்டுப் பாருங்கள்.