சுவருக்குப் போன சுண்ணாம்பு

யுரேனியச் சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் சுத்திகரிக்கப்பட்ட பின்னரே ஓடையில் விடப்பட வேண்டும் என்பது நிர்வாகத்தின் அசைக்க முடியாத கொள்கை. கொள்கைக்கு ஒரு குறையும் வரவில்லை. சுண்ணாம்புதான் தீர்ந்துபோய்விட்டது.

சுத்திகரிப்புக் கூடத்தின் பொறுப்பிலிருந்த கெமிஸ்ட் அம்மா மேனேஜரிடம் ஓடினார்.

"சார், தொட்டிக்கு வந்த சுண்ணாம்பு மூட்டையெல்லாம் எங்கே?"

"சுவத்துக்குப் போயிடுச்சும்மா. ஆய்வுக் குழு வருதில்ல? நம்ம கட்டடம், எதிர்த்தெரு வீடுங்க எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்."

"சுண்ணாம்பு கலந்தாத்தான் சார் தண்ணியில இருக்கற அமிலம் அடங்கும். யுரேனியம் கசடா அடியில படியும்."

"குழு மேலாகத்தான் பார்க்கும். அடியில பார்க்கிற வழக்கம் இல்ல."

கெமிஸ்ட் அம்மா ஓடைக்குத் திறக்கும் வால்வை இறுக மூடிவிட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தொட்டி நிரம்ப நிரம்ப, நாற்காலியை வால்வுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குழு வந்தது. சுவரின் வெண்மையில் மனம் உருகிய குழுத் தலைவர், அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். கறுப்புக் கோட்டின் முதுகெல்லாம் வெள்ளை.

"தண்ணி! தண்ணி!" என்று மேனேஜர் அலற, யாரோ தொட்டியிலேயே ஒரு வாளி மொண்டு வந்து கோட்டில் ஊற்றினார்கள். சுண்ணாம்பு புஸ்ஸென்று நுரைத்து, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"அபாரம்! சோப்பே வேண்டாம் போலிருக்கே!" என்று தலைவர் பூரித்தார்.

"சார், அது அமிலம்! கோட்டைக் கழட்டுங்க, கையைக் கழுவுங்க!" என்று கெமிஸ்ட் அம்மா ஓடிவந்தார்.

தலைவர் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "இவ்வளவு நல்ல பொருளைச் சுத்திகரிச்சுக் கெடுக்கிறதுதான் உங்க வேலையாம்மா?"

அங்கேயே உத்தரவு பிறந்தது. இனி அது கழிவுநீர் அல்ல. 'இயற்கைச் சலவைத் திரவம்'. சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கப்படும். கழிவுநீர் என ஒன்று இல்லாதபடியால், சுத்திகரிப்புக் கூடம் மூடப்படும்.

ஓடை கெட்டுப்போச்சு என்று வருஷக்கணக்காகக் கோஷம் போட்ட எதிர்த்தெருவே வாளியோடு வந்து வரிசையில் நின்றது. கெமிஸ்ட் அம்மா தொண்டை கட்டும் வரை கத்தினார்.

"வேண்டாங்க! இதுல யுரேனியம் இருக்கு!"

"யுரேனியமா? அது விலை கூடினதாச்சே! சும்மாவா தர்றாங்க?" என்ற ஒரு பெண், இன்னொரு வாளி எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள்.

வரிசையின் கடைசியில், கையில் இரண்டு குடத்தோடு, கெமிஸ்ட் அம்மாவின் வீட்டுக்காரர்.

"நீங்களுமா?"

"கத்தாதே. உள்ளே வேலை பார்க்கிறவதானே நீ? என்னைக் கொஞ்சம் முன்னாடி விடச் சொல்லேன்."