வெண்கலத்தாரின் அசையாத கருத்துகள்

ஒரு சமுதாயம் சீர்கெடாமல் நிற்பதற்குச் சட்டமோ கல்வியோ காரணமல்ல. கனத்த குரலே காரணம். இதைக் கண்டுபிடித்த பெருமை, மெத்தைத் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த தொலைக்காட்சி நிலையத்தையே சேரும்.

அந்தத் தொழிற்சாலையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் வெண்கலம் என்றே அழைத்தார்கள். அவர் லாரிக்காரரிடம் "வண்டியைப் பின்னால எடு" என்றால், தெருவில் போகிற மற்ற வண்டிகளும் சேர்ந்து பின்வாங்கும். ஒருநாள் அந்தக் குரல் விவாத நிகழ்ச்சி நடத்துநரின் காதில் விழுந்தது. விவாதத்தில் பழைமையின் பக்கம் பேச வழக்கமாக வருகிற பெரியவருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. நடத்துநர் ஓடோடி வந்தார்.

"சார், உங்களுக்குப் பழைமையான கருத்து ஏதாவது இருக்கா?"

"எதைப் பத்தி?"

"எல்லாத்தைப் பத்தியும்."

டீ சூடாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வெண்கலத்துக்குக் கருத்தென்று எதுவும் கிடையாது. ஆனால் முகத்தில் பவுடர் பூசி, விளக்குக்குக் கீழே உட்காரவைத்து, தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் தேவையா என்று கேட்டதும் ஒரு 'தத்துவம்' தானாகப் புறப்பட்டது.

"வேலை நிரந்தரம்னு தெரிஞ்சா மனுஷன் சோம்பேறி ஆயிடுவான்."

அரங்கம் கைதட்டியது. மறுவாரம், "பொம்பளைங்க வேலைக்குப் போனதுலதான் குடும்பம் ஆட்டம் கண்டுச்சு" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்துவிட்டுக் களைத்து வந்த மனைவி கேட்டாள்.

"இந்தக் கருத்தெல்லாம் உங்களுக்கு எப்பலேர்ந்து?"

"ஏழரையிலேர்ந்து." நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தைச் சொன்னார்.

"ஏழரைதான். சந்தேகமே இல்ல" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

சில வாரங்களில் தொழிற்சாலை முதலாளி அவரை அறைக்கு அழைத்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"குடும்பத்தோட உட்கார்ந்து பாக்கறேன். இத்தனை வருஷமா தொழிலாளிகளைச் சோம்பேறி ஆக்கிட்டேனேன்னு மனசு கஷ்டமாப் போச்சு."

அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, தையல் பிரிவு முழுவதும் அன்றே 'விடுவிக்கப்பட்டது'. கிடங்கும்தான்.

"நானுமா சார்?"

"உங்க மேல எனக்கு அக்கறை இருக்காதா?"

வெண்கலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி கோபப்படவில்லை. நாளைக் காலைக்குரிய சீருடையை இஸ்திரி போட்டபடி கேட்டாள்.

"இனி மாசச் சம்பளம்னா என்னுது மட்டுந்தான். நான் வேலைக்குப் போகட்டுமா, இல்ல குடும்பம் ஆட்டம் காணாம பிடிச்சுக்கிட்டு உட்காரட்டுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "போ."

"காதுல விழல. ஊரே கேக்கற குரலாச்சே, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அடுத்த நிகழ்ச்சிக்கு முன்னால் அவர் நடத்துநரைத் தனியாக அழைத்தார். "இன்னிக்கு நான் மாத்திப் பேசலாமா? சட்டம் வேணும்னு?"

நடத்துநர் அனுதாபத்தோடு தோளைத் தொட்டார். "அந்தப் பக்கத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கார் சார். கீச்சுக் குரல். அவர் சொன்னா யாரும் நம்பறதில்ல, நிகழ்ச்சிக்கும் அதுதான் தோது. இங்க குடுக்கற பணம் வேணாம், வேற வேலை கிடைச்சிருக்குன்னா சொல்லுங்க, நான் தடுக்கல."

கிடைக்கவில்லை. வாசலுக்கு வந்து காற்று வாங்கினார். எதிர்ச்சாரியில் மூடிய தையல் பிரிவுக்கு வெளியே நின்றிருந்த மூத்த தையல்காரர் அவரைப் பார்த்துத் தெருவைக் கடந்து வந்தார். வெண்கலம் திட்டு வாங்கத் தயாரானார். ஆனால் தையல்காரர் கும்பிட்டார்.

"எங்காளுங்க உங்க மேல வருத்தப்படறாங்க சார். நான்தான் சமாதானம் சொன்னேன். பாவம், அவர் மனசார நம்பறதைத்தானே சொன்னார், அதுல என்ன தப்புன்னு."

வெண்கலம் வாயைத் திறந்தார். அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு வார்த்தை சொல்ல அவரால் முடியும்.

"பவுடர் போடக் கூப்பிடறாங்க" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.